வேனில் வந்த 55 இன்ச்

22-9-2025, திங்கள்

இன்று முதல் பெரிய டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18. கடையைத் திறந்ததிலிருந்து ரிப்பேருக்கு ஒருவரும் இல்லை. வந்த எட்டுப் பேரும் விலை விசாரிக்க வந்தவர்கள். நான் என்ன ஷோரூமா வைத்திருக்கிறேன்? 40,000 ரூபாய் டிவி இனிமேல் 36,875 என்று கணக்குப் போட்டு அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். எதிர்க்கடை செக்யூரிட்டி அண்ணன் படித்துவிட்டு, "பத்து பர்சென்ட்டுன்னா நாலாயிரம் இல்ல குறையணும்? மிச்சத்த யாரு முழுங்கறது?" என்றார். வரியை அடக்க விலைமேல் போடுகிறார்கள், கடைசி விலைமேல் இல்லை என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. 32 இன்ச் வரைக்கும் 2019 தொடக்கத்திலிருந்தே 18 தான், உங்கள் வீட்டு டிவிக்கு ஒன்றும் மாறவில்லை என்றதும் அவருக்கு இன்னும் கோபம்.

சாயங்காலம் அக்கா மகன் வந்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. கல்யாணமாகி நாலு மாதம். போனை நீட்டினான். மினி வேன், உள்ளே அடுக்கடுக்காக அட்டைப் பெட்டி, பெட்டியில் பெரிய எழுத்தில் 4கே. 55 இன்ச், 15,000 ரூபாய். ஒரகடம் கூட்டு ரோடு பக்கம் நிற்கிறதாம்.

"துபாய் மால் மாமா. கஸ்டம்ஸ்ல புடிச்சது. அதான் இந்த ரேட்டு."

கஸ்டம்ஸில் பிடித்த சரக்கு ஏலத்துக்கு வந்தால் அரசு நிறுவனமான எம்எஸ்டிசி வழியாக இணையத்தில் ஏலம் போகும், மினி வேனில் ஏறி ஒரகடத்துக்கு வராது என்றேன். துபாயிலிருந்து கையில் கொண்டுவந்த டிவியாக இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. 2013 ஆகஸ்ட் 26-லிருந்து தட்டை டிவிக்கு பயணிகளின் வரிவிலக்கே கிடையாது. அன்றைக்கு 36 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், இப்போது 38.5. கையில் சரக்கு சுமந்துவரும் 'குருவிகள்' அந்த வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். அவன் அப்பாவும் அப்படித்தான் ஆட்டுவார்.

24-9-2025, புதன்

வாங்கிவிட்டான். ரொக்கம். பில்லுக்குப் பதிலாக 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு, அதில் ஒரு போன் நம்பர், 'வாரண்டி 1 வருடம்' என்று பேனாவில் எழுதியது. கடைப் பெயர் இல்லை.

என் தொழிலில் இது வாடிக்கை. டிவி வாங்கும் முன்னால் மெக்கானிக்கைக் கேட்பவர்கள் நூற்றில் இரண்டு பேர். வாங்கிய பிறகு, "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் மீதிப் பேர்.

பந்தயம் கட்டினேன். அந்தப் பேனல் 4கே இல்லை. இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என் செலவு.

28-9-2025, ஞாயிறு

நேற்றிரவிலிருந்து டிவி முழுக்கக் கரூர் கூட்ட நெரிசல் சாவுகள். அவன் வீட்டுக்குப் போனபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் அந்த 55 இன்ச் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். படம் எப்படி என்று யாரும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் ஒரு கணக்கு. அவன் வீட்டில் இருப்பது அரசு கேபிள் பாக்ஸ், சாதாரண சேனல்கள். சாதாரண சேனல் படம் என்பது 720-க்கு 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. 4கே பேனல் 3840-க்கு 2160, அதாவது 82,94,400. வகுத்தால் சரியாக இருபது. மேலிருந்து வரும் ஒரு புள்ளியைத் திரையில் இருபது புள்ளியாக இழுத்துக் காட்ட வேண்டும். ஒரு ஆழாக்கு மாவில் இருபது தோசை. முகமெல்லாம் மெழுகு பூசினமாதிரி தெரிந்ததற்கு அதுதான் காரணம். வேன்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒன்றரை லட்ச ரூபாய் டிவியிலும் இந்தச் சேனல் கொஞ்சம் மேலாகத் தெரியும், அவ்வளவுதான். அறை பத்துக்குப் பத்து. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் திரைக்கும் கண்ணுக்கும் எட்டடி. அந்தத் தூரத்தில் 32 இன்ச் டிவிக்கு 4கே-யும் ஒன்றுதான், அதில் கால்வாசியும் ஒன்றுதான். 55 என்பதால்தான் பிசிறு கண்ணுக்குப் படுகிறது.

1-10-2025, புதன், ஆயுத பூஜை

மல்டிமீட்டர், சால்டரிங் அயன், ஸ்டார் டிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. கடைக்கு வெளியே பூசணிக்காய் உடைத்ததில் ஒரு துண்டு பக்கத்து வீட்டு நாய்மேல் பட்டது.

தூசி தட்டும்போது பரணில் ஒரு 14 இன்ச் கலர் டிவி கிடைத்தது. அரசு முத்திரையோடு இருக்கும் இலவச டிவி. 2006 செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கி 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். என் கடை நிமிர்ந்தது அந்தக் காலத்தில்தான். அந்த டிவியை யாரும் மட்டம் என்று சொல்லக் கேட்டதில்லை. மின்னலில் போகும், எலி ஒயரைக் கடிக்கும், பிக்சர் டியூப் மட்டும் போகவே போகாது. ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் அதற்குப் பார்ட்ஸ் கிடைக்கும். அதற்கும் முன்னால் சாலிடேர், டயனோரா என்று மெட்ராஸிலேயே செய்த டிவிகள். சர்க்யூட் வரைபடத்தை மடித்துப் பின்மூடிக்குள்ளேயே ஒட்டி அனுப்புவார்கள். திறந்தால் வழி காட்டும். இப்போது வரும் போர்டில் ஐசி நம்பரையே சுரண்டி விட்டிருக்கிறார்கள்.

'இம்போர்ட்டட்' என்ற சொல்லுக்கு அப்போதெல்லாம் ஒரு வாசனை இருந்தது. பர்மா பஜாரில் நுழைந்தாலே அடிக்கும் தெர்மோகோலும் புது பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாசனை. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. இதோ, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சுங்குவார்சத்திரம். சாம்சங் ஆலை 2007-லிருந்து அங்கே இருக்கிறது. 2018-ல் பேனலுக்குச் சுங்கவரி போட்டார்கள். பேனலை வரி கட்டி இறக்கி இங்கே டிவியாக மாட்டுவதைவிட, வியட்நாமில் முழு டிவியாகச் செய்து ஆசியான் ஒப்பந்தப்படி வரியில்லாமல் கொண்டுவருவது லாபம் என்று ஆகி, இங்கே டிவி செய்வதை நிறுத்திவிட்டார்கள். பேனல் வரியை 2019-ல் எடுத்தார்கள், 2020-ல் திரும்பப் போட்டார்கள். அந்த ஒரு காலத்தில் நம் ஊர் ஷோரூமில் விற்ற பெரிய கம்பெனி டிவியும் இறக்குமதிதான், யாருக்கும் தெரியாது, யாரும் மலிவாகவும் கொடுக்கவில்லை.

2020 ஜூலை 30-ல் கலர் டிவி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று வந்தது. முழு டிவிக்கு 20 சதவீதச் சுங்கவரி வேறு. ஆகவே வேனில் 15,000-க்கு வரும் 55 இன்ச் முழுசாக எந்தக் கப்பலிலிருந்தும் இறங்கியிருக்காது. பேனல் சீனா, போர்டு சீனா. மாட்டியது இந்த நாட்டில் ஏதோ ஒரு கொட்டகை. அதில் தப்பும் இல்லை. பெயர்பெற்ற கம்பெனிகளுக்கும் பேனல் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது.

5-10-2025, ஞாயிறு

பிரியாணி என் செலவு. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவனும் அவன் கூட்டாளியும் டிவியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். திறப்பதற்கு முன் முதலில் கணினியை மாட்டி என் வழக்கமான சோதனைப் படத்தைப் போட்டேன். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை, ஒரு புள்ளி கறுப்பு, இப்படித் திரை முழுக்கக் கோடு. பேனலில் நிஜமாகவே அத்தனை புள்ளி இருந்தால் கோடு கோடாகத் தெரியும். இல்லையென்றால் மொத்தமும் சாம்பலாகக் குழம்பும். வாட்ச் ரிப்பேர் செய்யும் நண்பரிடம் வாங்கிய கண் லென்ஸை மாட்டிக்கொண்டு திரையோடு ஒட்டிப் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. சீப்புப் பல் மாதிரி சுத்தமான கோடு. வெள்ளைக்கோட்டுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. நிஜ 4கே.

"என்ன மாமா?"

"மட்டனா, சிக்கனா?" என்றேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று. 32, 43 இன்ச்சில்தான் அந்த ஏமாற்று நடக்கும். 1366-க்கு 768 பேனலை மாட்டிவிட்டு, போர்டு 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்பதற்காகப் பெட்டியில் '4கே' என்று போடுவார்கள். 'சப்போர்ட்' என்ற சொல் எறும்பு எழுத்தில் இருக்கும். 55 இன்ச்சில் குறைந்த புள்ளிப் பேனலை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆலைகளிலேயே அந்த அளவு பெரும்பாலும் 4கே-யாகத்தான் வருகிறது. மட்டமானதைப் போடவேண்டும் என்று நினைத்தாலும் கிடைக்காது.

பிறகு எங்கேதான் காசை மிச்சம் பிடித்தார்கள்? பின்மூடியைக் கழற்றினேன். பதினான்கு ஸ்க்ரூ துளை, பத்து ஸ்க்ரூ. உள்ளே, கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு பாய் விரித்ததுபோல, அத்தனை பெரிய தகட்டில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு போர்டு. பவர், மெயின் இரண்டும் அதிலேயே. கரண்டு உள்ளே வரும் இடத்தில், ஒயரில் வரும் இரைச்சலை வடிகட்ட ஒரு காயில் இருக்க வேண்டும். காயிலுக்கான வட்டம் போர்டில் அச்சாகி இருக்கிறது, பெயர் கூட இருக்கிறது, காயில் இல்லை. அதன் இரண்டு துளைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சால்டர் வைத்திருக்கிறது. இருபது முப்பது ரூபாய் மிச்சம். நம் ஊர் லைனில் ஆலைகளின் மோட்டார்கள் ஓடி ஓடி ஏற்றிவிடும் இரைச்சலுக்கு அந்தக் கம்பி என்ன பதில் சொல்லும்?

பேனலின் பின்னால் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்த பசை. மேல் வலது மூலையில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மங்கல். வெள்ளைப் படம் வந்தால் மட்டும் தெரியும். ஆலையில் கழித்த பேனல் என்று நினைக்கிறேன். பேக்லைட்டைப் பார்க்க பேனலை எடுக்கத் துணியவில்லை, 55 இன்ச் கண்ணாடி பிளாஸ்டிக் பேப்பர் கனம்தான், ஒரு விரல் தப்பினால் முடிந்தது. கரண்டை மட்டும் அளந்தேன். எல்இடி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, வெளிச்சம் குறையாமல் இருக்க ஒவ்வொன்றையும் அதிகமாக ஓட்டுவது இந்தச் சரக்கின் வழக்கம். சூட்டில் எல்இடி மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் பசை விட்டு உதிரும். திரையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். எங்கள் வீட்டு 32 இன்ச்சில் அப்படி மூன்று பொட்டு இருக்கிறது, மூன்று வருடமாக. சொன்னால் வெட்கம்.

செட்டிங்ஸில் பேக்லைட் 100-ல் இருந்தது. 55-க்கு இறக்கினேன். "டல்லா இருக்கே மாமா" என்றான். பழகிவிடும்.

6-10-2025, திங்கள்

நேற்றைய பாக்கி. மென்பொருள். தகவல் பக்கத்தில் 2 ஜிபி, 16 ஜிபி என்று இருக்கிறது. பென்டிரைவில் வைத்திருக்கும் சோதனைச் செயலியைப் போட்டதும் 1, 8 என்று வந்தது. ஆண்ட்ராய்டும் சொல்லும் வயதைவிட நாலு வயது மூத்தது. கல்யாணத் தரகர் சொல்லும் வயது.

கூகுளின் சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டு. யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் வகை. இங்கேதான் 4கே-யின் கதை முடிகிறது. நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான செயலிகள் படம் ஓட்டுவதற்கு முன் கருவியின் பூட்டைச் சோதிக்கும். வைட்வைன் என்று பெயர். மேல் நிலைப் பூட்டு இருந்தால்தான் உயர்ந்த தரம், இல்லையென்றால் 480 வரியோடு நிறுத்திக்கொள்ளும். இவன் டிவியில் இருப்பது கீழ் நிலை. ஆக, கேபிளில் வந்தாலும் இருபதில் ஒரு பங்கு, இந்தச் செயலிகளில் வந்தாலும் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு. எண்பத்து மூன்று லட்சம் புள்ளியும் நிஜமாகவே இருக்கின்றன, அவற்றுக்கு வேலை கொடுப்பதற்குத்தான் ஆளில்லை.

இன்னொரு விஷயம் அவனிடம் கொஞ்சம் பயமுறுத்தித்தான் சொன்னேன். சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் ஆலையிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் தீநிரல் ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ இந்த ஜூனில் எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0. ஜூலையில் கூகுள் வழக்கும் போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் என்றது. நாம் சீரியல் பார்த்துக்கொண்டிருப்போம், நம் வீட்டு இணைய இணைப்பு வழியாக ஊர் பேர் தெரியாதவன் திருட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பான். இவன் டிவியில் அது இருக்கிறதா? என்னால் சொல்ல முடியாது. அந்தச் சோதனைக்கான ஆள் நானில்லை. வைஃபையைத் துண்டி, உன் கூகுள் கணக்கை அதிலிருந்து எடு என்றேன். பேங்க் பாஸ்வேர்டும் ஜிமெயிலும் ஒன்றா என்று கேட்டேன். பதில் இல்லை. ஒன்றுதான்.

பின்பக்க ஸ்டிக்கரில் பிஐஎஸ் முத்திரை இருந்தது. டிவி என்றால் பதிவு கட்டாயம், ஆர் எழுத்தும் எட்டு இலக்கமும் இருக்க வேண்டும். இருந்தது. பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பார்த்தேன். எண் நிஜம். வேறு ஏதோ கம்பெனியின் சார்ஜருக்குக் கொடுத்தது. இரண்டு நிமிட வேலை. வேன் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கலாம்.

11-10-2025, சனி

மேவளூர்குப்பத்திலிருந்து ஒரு அம்மா. பேரன் வாங்கிக் கொடுத்த 43 இன்ச். சத்தம் வருகிறது, படம் இல்லை. கடை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே நிழல் மாதிரி ஆட்கள் நடமாடுகிறார்கள். பேக்லைட். ஸ்ட்ரிப் மாற்றினால் சரியாகிவிடும் என்று தைரியமாகத்தான் சொன்னேன். திறந்தால் பேனலில் நம்பர் கிடையாது, ஸ்ட்ரிப்பில் நம்பர் கிடையாது. ரிச்சி தெருவுக்குப் போட்டோ அனுப்பினேன். நாலு கடையிலும், "இது எதுல இருந்து பிச்சதுண்ணே?" என்றார்கள். வேறு நீளத்து ஸ்ட்ரிப்பை வெட்டி ஒட்டி, ஓரம் கொஞ்சம் இருட்டோடு கொடுத்தேன். 900 ரூபாய். வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறதாம்.

"புது டிவிங்க தம்பி" என்று மூன்று தரம் சொன்னார்.

இந்த மாதம் இது ஐந்தாவது. இந்தச் சரக்கால் என் பிழைப்பு ஓடுகிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

12-10-2025, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு வழி சொன்னேன். சான்றிதழ் உள்ள ஸ்டிக் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐ-யில் சொருகிவிடு, டிவிக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு செத்துப்போனதாக நினைத்துக்கொள். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினான். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றும். 15,000 இப்போது 22,000. இன்னும் கொஞ்சம் போட்டால் பெயர் தெரிந்த கம்பெனி டிவி, பில்லோடு, சர்வீஸ் சென்டரோடு. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்றான். வாயைத் திறக்காமல் சால்டரிங் அயனைத் துடைத்தேன்.

நியாயமாகச் சொன்னால், அவனுக்கு அந்த 15,000 ஒரே தடவையில் கையில் இருந்தது போனஸ் முன்பணத்தால்தான். தவணைக்குப் போனால் ஒப்பந்தத் தொழிலாளி என்றதும் பைனான்ஸ்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று நான் லேசாக எழுதுவது அவனுக்கு ஒரு மாத வாடகை. பழைய கடையில் நல்ல கம்பெனியின் 43 இன்ச் செகண்ட்ஹேண்ட் பார்த்துக் கொடுத்திருப்பேன், கேட்டிருந்தால். ஆனால் புதுப் பெண்டாட்டி முன்னால் பழைய டிவியை இறக்க எந்தப் பையனுக்கு மனசு வரும்?

18-10-2025, சனி

மழை. நேற்று முன்தினம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தி. இரண்டு தரம் கரண்டு போய் வந்தது. மூன்று செட் டாப் பாக்ஸ், ஒரு மிக்ஸி. மாப்பிள்ளை டிவி பிழைத்துக்கொண்டது. காயிலுக்குப் பதிலாக இருந்த கம்பியைப் போன ஞாயிறே எடுத்துவிட்டுப் பழைய போர்டிலிருந்து கழற்றிய காயிலை வைத்துவிட்டேன். காசு வாங்கவில்லை. பிரியாணியும் என் செலவு, காயிலும் என் செலவு.

20-10-2025, திங்கள், தீபாவளி

காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து அக்கா வீட்டில் எல்லோரும். மாப்பிள்ளை ஸ்டிக்கில் யூடியூப்பிலிருந்து ஏதோ கடலடிப் படம் 4கே-யில் போட்டான். திருக்கை மீன் ஒன்று மணலை உதறிக்கொண்டு கிளம்பியது. மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மூலை மங்கல் எங்கே என்று நான் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மீனைப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரி அதிரசத்தைக் கடித்தபடி அவனிடம் கேட்டாள்: "எவ்வளவுடா ஆச்சு?"

"பதினைஞ்சு அத்தை." ஸ்டிக், ஸ்டெபிலைசரைச் சொல்லவில்லை.

"அந்த வேன்காரர் நம்பர் இருக்கா?"

நான் எல்லாம் சொன்னேன். காயில், பூட்டு, சார்ஜர் நம்பர், மேவளூர்குப்பத்து அம்மா. அவள் கேட்டுக்கொண்டே அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் எஸ்டிமேட் சீட்டை எடுத்து நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். தாங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது. இன்னொரு முறை போட்டான். அதே குரல்.

மீன் போய் ஆமை வந்திருந்தது.

"சரி விடுங்க" என்றாள் என்னிடம். "நம்ம டிவில அந்த மூணு பொட்டையாவது நாளைக்கு ஒட்டிக் குடுங்க."